ஒத்திகை ஊரில் மூன்றாம் பயிற்சி

செவ்வாய், காலை 7.20. குரல் அறை

ஊரில் காற்று சரி. வெளிச்சம் சரி. பொம்மைகள் எல்லாம் நடக்கின்றன. பால்காரருக்கு மட்டும் முழங்கால் இடறுகிறது. இருதயராஜிடம் சொல்லியாயிற்று.

இந்தப் பதிவைப் பின்னால் யார் எடுத்துப் பார்த்தாலும் விளங்க வேண்டும் என்று, வெளியே இருந்து பயிற்சியைப் பார்த்து மதிப்பிடுகிற நடுவர் அறையிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. அதனால் ஒரு தடவை முழுசாக எழுதிவிடுகிறேன்.

இது நிலாவில் ஒரு பெரிய கண்ணாடிக் கூரைக்குள் கட்டிய பொய் ஊர். இரண்டு தெரு, ஒரு தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, காற்று ஆலை. குடியிருப்பவர்கள் முப்பத்திரண்டு பொம்மைகள். சில பொம்மைகள் ஜனம், சில பொம்மைகள் எதிரி. பட்டாளத்தில் பெரிய பொறுப்புக்குப் போகிற அதிகாரிகள் இங்கே வந்து போர்ச் சட்டம் படிக்கிறார்கள். புத்தகத்தில் படிப்பது பூமியிலேயே முடிந்துவிடும். இங்கே ஊரைச் சுற்றி வளைத்துப் படிக்க வேண்டும். யாரைச் சுடலாம், யாரைத் தொடக் கூடாது, அடிபட்டுக் கிடக்கிற எதிரியை என்ன செய்வது, கூரைக்குள் வாழ்கிற ஜனங்களின் காற்றுக் குழாய்மேல் ஏன் கை வைக்கக் கூடாது, எல்லாம் நடந்து பார்த்துத்தான் தேற வேண்டும்.

பொம்மைகளுக்குப் பேச்சு நான். பெயர் மாயக்காள். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் வருஷக்கணக்காக ஏலம் கூறிய தொண்டை. மைக் இல்லாமலே மூன்று மண்டிக்குக் கேட்கும். கெஞ்சுவேன், திட்டுவேன், கிழவனாக இருமுவேன், கைப்பிள்ளையாக அழுவேன். இதுவரை ஐந்து குழுக்களை அழ வைத்திருக்கிறேன். அதில் ஒரு பிரிகேடியரும் சேர்த்தி. ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் பேத்தியிடம் இதைச் சொன்னால், "அம்மாச்சி, இதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?" என்கிறாள். கொடுக்கிறார்கள். நன்றாகவே கொடுக்கிறார்கள்.

இந்த ஊருக்குள் உயிருள்ள ஆட்கள் இரண்டே பேர். நானும், பொம்மை பழுது பார்க்கிற இருதயராஜும். தூத்துக்குடிப் பையன். முப்பது வயசைத் தாண்டியும் கல்யாணத்துக்குப் பிடி கொடுக்கவில்லை.

செவ்வாய், மதியம் 1.40. முதல் பயிற்சி முடிந்தது

இது ஆறாம் குழு. தலைவர் மேஜர் சென்னிமலை, காங்கேயத்துப் பக்கம். துணை கேப்டன் ரோஸ்லின். வாய்த்துடுக்கு. எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது.

சென்னிமலை ஒரு வீட்டைச் சோதனை போட வந்தார். வாசலில் ரத்தினம்மாப் பொம்மை உட்கார்ந்திருந்தது. இதுவரை வந்த எந்த அதிகாரியும் கேட்காததைக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, உள்ள வரலாங்களா?"

பொம்மையிடம்! எனக்குச் சிரிப்பு வந்து, ரத்தினம்மா இருமுவது போல் சமாளித்தேன்.

நடுவில் ஒரு சிப்பாய்க்கு விண்ணுடுப்பில் காற்றுத் தடைப்பட்டது. அவன் "நிஜம், நிஜம், நிஜம்" என்றான். இங்கே அதுதான் வழக்கம். பயிற்சியில் எல்லாமே பொய் என்பதால், உண்மையாகவே ஓர் ஆபத்து வந்தால் இந்தச் சொல்லை மூன்று தடவை சொல்ல வேண்டும். சொன்ன நொடியில் எல்லோரும் ஆயுதத்தை இறக்கிவிட்டு உதவிக்கு ஓட வேண்டும். அப்படியே ஓடினார்கள். தலைமை ஆசான் கர்னலே வெளிக்கதவைத் திறந்துகொண்டு வந்தார். பையன் பிழைத்தான். டீ குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம்.

புதன், காலை 10.05

நடுவர் அறையிலிருந்து அழைப்பு. கர்னல் வில்லவன்தான் இங்கே தலைமை ஆசான். போர்ச் சட்டத்தை அவர் சொன்னால் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"மாயக்காம்மா, ரெண்டாம் பயிற்சியில ஒரு வேலை. நடுவுல நீங்க 'நிஜம்' சொல்லணும்."

"யாருக்கு என்ன சார்?"

"யாருக்கும் ஒன்னும் ஆகாது. சும்மா சொல்லணும். அவங்க துப்பாக்கிய இறக்கிட்டு ஓடி வருவாங்க. அப்ப எதிரிப் பொம்மைங்க சுடும்."

"சார், அது பயிற்சிக்கு வெளியில இருக்கிற சொல்லாச்சே."

"வெள்ளைக் கொடி மட்டும் என்ன? அதுவும் சண்டைக்கு வெளியில இருக்கிறதுதான். அதத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே சுடுறவன் இருக்கான். அது எவ்வளவு பெரிய குத்தம்னு வகுப்புல சொன்னா கொட்டாவி விடுறாங்க. ஒரு தடவ ஏமாந்து பாத்தா சாகுற வரைக்கும் மறக்க மாட்டாங்க."

"அப்புறம் நெசமாவே ஒன்னு ஆச்சுன்னா?"

"அதுக்கு முன்னாடி புதுச் சொல் குடுத்துருவேன். உங்களுக்கு முடியாதுன்னா சொல்லுங்க, பதிவுக் குரல் வச்சுக்கறேன்."

பதிவுக் குரலாம். என்னை எங்கே தட்டினால் எழுந்திருப்பேன் என்று அந்த மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது. செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

புதன், மதியம் 12.30

இருதயராஜ் பட்டறையிலிருந்து வயர்லெஸில் பிடித்துக்கொண்டான்.

"பெரியம்மா, அது மட்டும் வேண்டாம், சொல்லுதேன். எங்கூர்ல ஒருத்தன் கடலுக்குள்ள இருந்து வெளாட்டுக்கு 'போட்டு முங்குது'ன்னுட்டான். கரையில உள்ள போட்டெல்லாம் பாஞ்சு போச்சு. போய்ப் பாத்தா உக்காந்து பரோட்டா திங்கான். ஊரே சேந்து அவன் வயர்லெஸ்ஸப் புடுங்கித் தண்ணிக்குள்ள எறிஞ்சிட்டு. அவனயும் சேத்து எறிஞ்சிருக்கணும்னு எங்கம்மா இன்னிக்கும் சொல்லுதா."

"கர்னல் சார் புதுச் சொல் தருவாரு."

"தருவாரு, தருவாரு. எனக்கு புது ஸ்க்ரூ தாரேன்னு சொல்லி வருசம் ஒண்ணாச்சு."

புதன், மாலை 4.50. இரண்டாம் பயிற்சி முடிந்தது

சொன்னேன். அழவில்லை. அழுதால் நடிப்பென்று கண்டுபிடித்துவிடுவார்கள். என் சொந்தக் குரலில், பதறாமல், கணக்குச் சொல்வதுபோல் சொன்னேன்.

"நிஜம், நிஜம், நிஜம். நான் மாயக்காள் பேசுறேன். பள்ளிக்கூடத்துக்குள்ள இருதயராஜ் விழுந்து கிடக்கான். பேச்சு இல்ல."

"எல்லாரும் ஆயுதத்த எறக்குங்க! எறக்குங்கன்னா எறக்கோணும்! மருந்துப் பை எங்க? அம்மா, பயப்படாதீங்க, இதா வந்துட்டேனுங்க!"

சென்னிமலைதான் முதலில் உள்ளே வந்தார். வெறுங்கையோடு. எதிரிப் பொம்மைகள் கதவுக்குப் பின்னால் இருந்து சுட்டன. குழு முழுக்க உடுப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"மேஜர் சென்னிமலை மாண்டார். குழு மாண்டது. பயிற்சி முடிந்தது," என்று பதிவுக் குரல் அறிவித்தது.

நடுவர் அறையில் கை தட்டினார்கள். ஒலிபெருக்கியில் கேட்டது. கர்னல் சொன்னார், "அருமை மாயக்காம்மா, நானே ஒரு நிமிசம் நம்பிட்டேன்." மாண்டவர்கள் படுத்தபடியே இருக்க வேண்டும் என்பது விதி. சென்னிமலை தரையில் படுத்துக்கொண்டு வயர்லெஸில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தச் சொல்லையுமாங்கம்மா?"

மைக்கை அணைத்துவிட்டேன். கைதட்டல் காதில் இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் எழுத மாட்டேன்.

வியாழன், இரவு 8.15

மூன்றாம் பயிற்சியை நாளைக்கே வைத்துவிட்டார்கள். பார்வையிட வருகிற ஜெனரல்கள் முன்கூட்டியே வந்து இறங்குகிறார்கள். சென்னிமலைக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இதிலும் தோற்றால் அவருக்கு என்று ஒதுக்கிய பட்டாலியன் வேறு ஆளுக்குப் போகும். ரோஸ்லின் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறாள், "நாளைக்கு அந்தம்மா தும்மினாக்கூட நம்ப மாட்டோம்."

நாளைக்கு ஆட வேண்டிய கதை இது. காற்றுக் குழாய் உடைகிறது. ஊர்ஜனம் மூச்சு முட்டித் தவிக்கிறது. ஜனத்துக்குள் எதிரியும் ஒளிந்திருக்கிறான். தலைவர் உதவி அனுப்புவாரா, மாட்டாரா? இதற்காக ஊரின் காற்றழுத்த முள்ளை எல்லாத் திரையிலும் ஒத்திகைக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். குழாய் உடையாமலே முள் இறங்கும். பார்ப்பதற்கு உண்மை மாதிரியே இருக்கும்.

கர்னலிடம் புதுச் சொல் கேட்டேன்.

"விருந்தாளிங்க இறங்கிட்டு இருக்காங்க மாயக்காம்மா. பழைய சொல் இனிச் செல்லாதுன்னு சுற்றறிக்கை விட்டாச்சு. புதுசு வந்து சொல்றேன்."

சாயங்காலம் மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை.

வெள்ளி, காலை 9.00. மூன்றாம் பயிற்சி தொடக்கம்

புதுச் சொல் வரவில்லை. நடுவர் அறை இன்று யாருக்கும் பதில் சொல்லாது, பார்க்க மட்டும் செய்யும். என் மைக் போய்ச் சேர்வது குழுவின் காதுக்கும் நடுவர் அறைக்கும்தான். வெளிக்கதவு நடுவர் அறையின் கையில். குழு கூரைக்குள் நுழைந்துவிட்டது. ஊரின் மறுகோடியில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிற்கிறார்கள்.

பால்காரர் காற்று ஆலைக்குப் பின்னால், தெருவின் நடுவில் நின்றுவிட்டார். அந்த முழங்கால்தான். இருதயராஜ் அதைத் தள்ளிவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறான்.

காலை 9.40

காற்று ஆலைக்குப் பின்னால் சத்த வெடி வெடித்தது. வெறும் சத்தத்துக்கு வைப்பது. அதன் மேலே இரும்புச் சட்டம் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. குரல் அறைச் சன்னல் வழியாகப் பார்த்தேன், சட்டம் விழுந்துவிட்டது. குழாய் மேலும் விழுந்தது, இருதயராஜ் மேலும் விழுந்தது.

என் காது அடைத்தது. மலைப்பாதையில் பஸ் ஏறும்போது அடைக்குமே, அப்படி. அப்போதுதான் தெரிந்தது, முள் மட்டும் இறங்கவில்லை, காற்றே இறங்குகிறது என்று.

குழுவுக்குத் தெரியாது. அவர்கள் விண்ணுடுப்புக்குள் தங்கள் காற்றோடு இருக்கிறார்கள். திரையில் முள் இறங்குவதைப் பார்த்தால் கதை ஆரம்பித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

காலை 9.55. ஆஸ்பத்திரி அறை

இருதயராஜை இழுத்து வந்துவிட்டேன். நிலாவில் ஆள் கனம் ஆறில் ஒரு பங்கு. பூமியாக இருந்தால் அவனை அங்கேயேதான் விட்டிருப்பேன். இந்த ஊரில் காற்றுப் போகாமல் மூடுகிற கதவு இந்த அறைக்கு மட்டும்தான். தாழ்ப்பாள் உள்பக்கம். இரண்டு முகமூடி, ஒரு காற்று சிலிண்டர். சுவரில் மைக்கும் பொம்மைக் குரல் பொத்தானும்.

அவன் வலது கால் முழங்காலுக்குக் கீழே சரியில்லை. சேலை முந்தானையைக் கிழித்துக் கட்டியிருக்கிறேன். ரத்தம் நிற்கவில்லை.

மைக்கைப் பிடித்தவுடன் வாயில் அதுதான் வந்தது. வேறு என்ன வரும்?

"நிஜம், நிஜம், நிஜம். காற்று ஆலைக் குழாய் உடைஞ்சிருச்சு. இருதயராஜுக்குக் காலு போச்சு."

"சார், அம்மா ஆரம்பிச்சிட்டாங்க," இது ரோஸ்லின். "அதே பாட்டு. கச்சேரிக்கு நேரம் தவறாம வந்துட்டாங்க."

"நடுவர் அறை, இது நெசமுங்களா?" இது சென்னிமலை.

"நடுவர் அறை பதில் சொல்லாது. முடிவு உங்களுடையது." பதிவுக் குரல்.

நானும் நடுவர் அறையைக் கூப்பிட்டேன். கர்னலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அங்கே யாரோ பொத்தானை அமுக்கியபடி பேசியது மட்டும் கேட்டது. "அந்தம்மா இன்னைக்குப் பின்னுறாங்க, இல்ல?" யாரோ பெரியவர் ஒருவர் சிரித்தார்.

காலை 10.05

ஒரு யோசனை. தெருவில் பொம்மைகள் என் பழைய பதிவில் அழுதுகொண்டே இருக்கின்றன. மொத்தக் குரலையும் அணைத்தேன். இந்த ஊர் பயிற்சி நேரத்தில் ஒருநாளும் வாயை மூடியதில்லை. மூடினால் என்னவோ என்று வந்து பார்ப்பார்கள் அல்லவா?

"சத்தம் நின்னுருச்சு சார். பதுங்குறாங்க. பின்னாடி போயிரலாம்."

ரோஸ்லின் சொன்னாள், பின்னால் போனார்கள்.

10.10

இருதயராஜுக்கு நினைவு வந்தது. மைக்கை அவன் வாயருகே பிடித்தேன்.

"சார்… நான் இருதயராஜ் பேசுதேன் சார். காலு வலி தாங்க முடியல. பெரியம்மா பொய் சொல்லல. இந்தத் தடவ பொய் சொல்லல சார்…"

பிறகு ரோஸ்லின்.

"முப்பத்திரண்டு குரல் பேசுறவங்களுக்கு முப்பத்திமூணாவது ஒரு கஷ்டமா சார்?"

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் சொன்னதில் தப்பே இல்லை. என் தொண்டையில் எந்தக் குரல் வந்தாலும் அதை நான் ஏற்கெனவே விற்றுத் தீர்த்திருக்கிறேன். அழுகை, கெஞ்சல், பதற்றம், பதறாத குரல்கூட. மண்டியில் அழுகின தக்காளியை அடியில் போட்டு நல்லதை மேலாகப் பரப்பி ஏலம் விட்டால் மறுநாள் நல்ல சரக்குக்கும் ஆள் நிற்காது. அங்கே ஒரு நாளும் அதைச் செய்ததில்லை நான். இங்கே கை தட்டலுக்காகச் செய்தேன்.

இருதயராஜ் மறுபடி மயங்கிவிட்டான். முகமூடிக்குள் மூச்சு தெரிகிறது.

10.20

சிலிண்டர் முள் பாதிக்குக் கீழே.

பேசுவதை நிறுத்திவிட்டேன். மைக் திறந்தே இருக்கிறது. இருதயராஜின் மூச்சு அதில் போகும். போகட்டும்.

10.25

"அம்மா."

"சொல்லுங்க தம்பி."

"நான் உங்கள நம்பலீங்க."

"சரி."

"ஆனா வாரேனுங்க."

ரோஸ்லின் கத்தினாள். "சார்! பட்டாலியன் போயிரும் சார்! போன தடவ செத்தது பத்தலையா?"

"அடிபட்டவன் கெடக்குறான்னு ஒரு ஆள் சொல்றாங்க. போய்ப் பாக்கோணும். நம்பிக்கை இருந்தாத்தான் போவோணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்குது, காட்டு பாக்கலாம். நீங்கெல்லாம் அங்கயே நில்லுங்க. துப்பாக்கிய எறக்க வேண்டாம், குறி வச்சுக்கிட்டே இருங்க. நான் மட்டும் போறேன். அந்தப் பையக் குடு."

பை என்றால் மீட்புப் பை. உள்ளே ஆளை வைத்து மூடினால் காற்றோடு தூக்கிப் போகலாம். ஒரு குழுவுக்கு ஒன்று. ஒரு பைக்கு ஒரு ஆள்.

10.40

வந்துவிட்டுப் போனார்.

கதவைத் திறந்தபோது அறைக் காற்றில் பாதி வெளியே ஓடியது. உடனே மூடினேன். அவர் உள்ளே வந்து துப்பாக்கியை நீட்டி மூலை மூலையாகப் பார்த்தார். அப்புறம் கட்டிலைப் பார்த்தார். கையுறை விரலால் தரையைத் தொட்டார். பயிற்சிக்குச் சிவப்புச் சாயம் வைத்திருக்கிறோம், அது உறையாது. இது உறைந்திருந்தது.

"ஐயோ," என்றார். மன்னிப்பும் கேட்கவில்லை, என்னையும் கேட்க வைக்கவில்லை.

"யாரு முதல்லீங்க?"

"அவன்."

"நீங்க?"

"எனக்கு சிலிண்டர்ல நெறைய இருக்கு. நீங்க போய்ட்டு பையக் காலி பண்ணிட்டு வாங்க."

அவர் முகக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே பார்த்தார். "இதையாச்சும் நம்பட்டுங்களா?"

"நம்புங்க தம்பி."

நம்பினார். இருதயராஜைப் பையில் வைத்துத் தூக்கிப் போனார். சிலிண்டரில் நிறைய இல்லை. கதவு இரண்டு தடவை திறந்ததில் போன அறைக் காற்றை நிரப்ப அதைத்தான் திறந்துவிட்டேன். இன்னொரு தடவை கதவு திறந்தால் நிரப்ப ஒன்றும் இருக்காது. திறக்கும்போது வாசலில் பையோடு ஆள் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

10.50

வயர்லெஸ் கேட்கிறது. நான் பேசவில்லை, மூச்சை வீணாக்கக் கூடாது. கேட்டதை எழுதுகிறேன்.

தெரு முனையில் எதிரிப் பொம்மைகள் சென்னிமலையைச் சுட்டுவிட்டன.

"மேஜர் சென்னிமலை மாண்டார். படுக்கவும்."

படுக்கவில்லை.

"மேஜர் சென்னிமலை மாண்டார். மாண்டவர் நடக்கக் கூடாது."

நடக்கிறார். ரோஸ்லின் எதிரே ஓடுகிறாள். பையை வாங்குகிறாள். பிறகு வெளிக்கதவருகே அவள் குரல்.

"நிஜம், நிஜம், நிஜம்! நடுவர் அறை, கதவத் திறங்க!"

கர்னல் பதில் சொன்னார். இன்று அவர் வாயைத் திறந்தது இதுதான் முதல்.

"கேப்டன், அந்தச் சொல் செல்லாது. சுற்றறிக்கை பாக்கலையா? நல்ல முயற்சி. நாங்களே ஏமாந்தா அப்புறம் பாடம் எதுக்கு?"

"சார், பைக்குள்ள ஆளு இருக்கான்! நிஜ ஆளு!"

"சாயம் போதும்னு நினைக்கிறேன்."

"அப்ப எந்தச் சொல்லைச் சொல்லணும் சார்? புதுச் சொல் எதுன்னு சொல்லுங்க, அதச் சொல்றேன்! எதுன்னு யாருக்குமே சொல்லலையே நீங்க!"

நடுவர் அறையில் நாற்காலி ஒன்று நகர்ந்தது. சென்னிமலை பேசினார், மெதுவாக.

"சார், நீங்க நம்ப வேண்டாமுங்க. திறந்தாப் போதும்."

கர்னல், "ஒரு நிமிசம்"

வயர்லெஸ் நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது. காற்று ஆலையோடு மின்சாரமும் போயிருக்க வேண்டும்.

நேரம் தெரியவில்லை

கைவிளக்கில் எழுதுகிறேன். தலை கனக்கிறது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

திறந்தாரா? வெளிக்கதவு பெரிய இரும்புக் கதவு, திறந்தால் ஊரெல்லாம் அதிரும். காதை வைத்துக் கேட்கிறேன். வெளியே காற்று இல்லையென்றால் சத்தம் வராது. திறந்தாலும் கேட்காது, திறக்காவிட்டாலும் கேட்காது.

இதைப் படிக்கிறவர்களுக்கு. சென்னிமலைக்குத் தோல்வி என்று போட்டிருப்பார்கள். மாண்டவர் நடந்தார் என்று எழுதியிருப்பார்கள். நடந்ததை நான் காதால் கேட்டேன். இருதயராஜின் அம்மாவிடம் சொல்ல வேண்டும், அவன் என்னைத் திட்டவே இல்லை, கடைசி வரைக்கும் பெரியம்மா பெரியம்மா என்றுதான்

உட்கார்ந்து எழுத முடியவில்லை. படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பிறகு

கதவைச் சுற்றிய ரப்பர் பட்டையின் வழியே வெளிச்சம் ஆடியது. நினைப்பு இல்லை. ஆடியது.

உள்ளங்கையைக் கதவில் வைத்தேன். தட்டுகிறார்கள். சத்தமில்லை, அதிர்வு மட்டும் கைக்குத் தெரிகிறது. விட்டு விட்டு.

சென்னிமலையாக இருக்கலாம். ரோஸ்லினாக இருக்கலாம். ஆனால் இந்தப் பயிற்சிக் கதையின் கடைசிப் பகுதியில் எதிரிப் பொம்மைகள் கையில் விளக்கோடு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும். பொம்மைகளுக்குச் சொந்த பேட்டரி. அவற்றை நிறுத்துவது என் கையில் இல்லை. பொம்மைக்குத் திறந்தால் இந்த அறையில் இருக்கிற கொஞ்சமும்

யாரென்று கேட்டேன். குரல் வரவில்லை. வந்திருந்தாலும் அந்தப் பக்கம் கேட்காது. என் குரல்!

மறுபடி தட்டுகிறது. நின்றுவிட்டது.

போய்விடுவார்கள்.

மறுபடி.

தாழ்ப்பாள் என் பக்கம்தான். கை எட்டுகிறது. திறக்கி